விவாகரத்து: சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகும் முன்னும் போன பின்னும் செய்ய வேண்டியவை

விவாகரத்து என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தின் படியேறுகிறவர் கையில் உண்மையில் நான்கைந்து கணக்குகள் இருக்கின்றன. திருமண பந்தம் ஒன்று, ஜீவனாம்சம் ஒன்று, பிள்ளைகள் ஒன்று, வீடும் நகையும் ஒன்று. மகளிர் காவல் நிலையத்தில் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால் அதுவும் சேரும். பந்தத்தை மட்டும் முதலில் முடித்துக்கொண்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள், தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வேறு வேறு வழக்கு எண்களோடு வாய்தாவுக்கு வந்து நிற்பதை வழக்கறிஞராக நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே எந்தக் கணக்கை எப்போது எடுப்பது, எதை எதனோடு சேர்த்து முடிப்பது என்ற வரிசையில்தான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

அடி உதை இருந்தால் முதலில் பாதுகாப்பு

வீட்டில் வன்முறை நடக்கிறதென்றால், விவாகரத்து மனு எழுதுவது இரண்டாவது வேலை. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181 ஆகிய எண்கள் இருக்கின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுச் செய்து, பாதுகாப்பு உத்தரவு, வசிப்பிட உத்தரவு, பண உதவி ஆகிய மூன்றையும் இடைக்காலமாகவே கேட்டுப் பெறலாம். “வீடு என் அப்பா பெயரில் இருக்கிறது, நீ வெளியே போ” என்று சொல்லப்படுவது வழக்கமான மிரட்டல். கணவரின் உறவினர் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும், தம்பதியர் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே மருமகள் வசிப்பிட உரிமை கோர முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படிப் பட்டது என்பதை உள்ளபடியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டு, பின்னர் அதே சீட்டைச் சாட்சியமாகக் காட்ட முடியாது.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் மனம் மாறிச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் நிலையத்தில் எழுதி வாங்கப்படும் “இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை” என்ற கடிதத்தால் திருமணம் முறிந்துவிடாது.

முத்திரைத்தாள் விவாகரத்து

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் குத்தி, “அத்துவிட்டாயிற்று” என்று அனுப்பிவிடும் வழக்கம் சென்னையிலும் தொடர்கிறது. ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்காற்று மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வழக்காறு தங்கள் சமூகத்தில் இருப்பதை, அதைச் சொல்லிக்கொள்பவர்தாம் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபிக்க முடியாதபோது முதல் திருமணம் அப்படியே நிற்கும். அதை நம்பிச் செய்துகொண்ட இரண்டாவது திருமணம் செல்லாது என்பதோடு, இருதார மணக் குற்றச்சாட்டுக்கும் இடமாகும்.

காகிதங்களைச் சேர்ப்பது

பேச்சுவார்த்தைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பிரிந்து வெளியேறிய பிறகு பீரோ சாவி உங்கள் கையில் இருக்காது. திருமணப் பதிவுச் சான்று, அது இல்லையென்றால் திருமணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், கோயில் அல்லது மண்டப ரசீது ஆகியவை வேண்டும். சுயமரியாதைத் திருமணமாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு அதை ஏற்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள், இருவரின் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கைகள், வீட்டுக் கடன் அட்டவணை, நகை வாங்கிய பில்கள், லாக்கர் விவரம் ஆகியவற்றை நகலெடுத்து, அண்ணன் வீட்டிலோ தோழி வீட்டிலோ ஒரு பிரதி வையுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல்களை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்தைத் தாக்கல் செய்ய 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். செய்தி வந்த அதே கருவி கையில் இருந்தால் அது எளிது. தம்பதியருக்கிடையிலான உரையாடலை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும் மணவாழ்க்கை வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு எதிர்த்தரப்பின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை உடைக்கப் போகாதீர்கள், அது தனிக் குற்றம்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். பதிவுத் திருமணமாகச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு, மதம் எதுவானாலும், 1954-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே பொருந்தும். முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம். குலா முறையில், அதாவது மனைவியே கேட்டுப் பெறும் மணமுறிவின் வழியாக, பிரிய விரும்புகிற பெண் குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும், ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. இனி வரும் பிரிவு எண்கள் இந்து திருமணச் சட்டத்தைச் சார்ந்தவை. மற்றச் சட்டங்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதுவே.

திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் எங்கும் வழக்குப் போடலாம். மனுதாரர் மனைவி என்றால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலும் போடலாம். மதுரையில் தாலி கட்டி, பெங்களூரில் குடித்தனம் நடத்தி, இன்று வேளச்சேரியில் அம்மா வீட்டில் இருக்கும் பெண் சென்னையிலேயே மனுச் செய்ய முடிவது இதனால்தான். புறநகரில் இருப்பவர்கள் தங்கள் முகவரி சென்னை நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதா, செங்கல்பட்டு அல்லது திருவள்ளூர் எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மனு திரும்பி வந்தால் மாதங்கள் வீணாகும். திருமணமாகி ஓராண்டு ஆகாதவர்கள், மிகக் கடுமையான துன்பம் என்று காட்டி அனுமதி பெற்றாலன்றி, விவாகரத்து மனுவே போட முடியாது.

சமரசப் பேச்சு

சேர்த்து வைக்க முயல்வது குடும்ப நல நீதிமன்றத்தின் கடமை என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் வழக்கு எண் ஆனதும் கவுன்சலிங், அல்லது சமரச மையம் என்று அனுப்புவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005-இல் தொடங்கப்பட்டது, நாட்டிலேயே முன்னோடியானது. பலர் இதைச் சடங்கென்று நினைத்து, வக்கீல் சொன்னாரே என்று வந்து, ஐந்து நிமிடத்தில் “சேர்ந்து வாழ விருப்பமில்லை” என்று கையெழுத்திட்டுப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் இந்த வழக்குகளில் மிக அதிகமாக வீணடிக்கப்படும் வாய்ப்பு இதுதான். அங்கே சேர்வதைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எப்படிப் பிரிவது என்பதையும் பேசலாம். அங்கே பேசியதை வெளியே சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பதால், மனுவில் எழுதத் தயங்கும் தொகையைக்கூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மாமாவையும் சித்தப்பாவையும் வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

மனமொத்த விவாகரத்து

13-பி பிரிவின்படி, ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்த தம்பதியர் சேர்ந்து மனுச் செய்யலாம். கிறித்தவர்களுக்கான சட்டத்தில் இந்தக் காலம் இரண்டு ஆண்டுகள் என்று இருக்கிறது. பிரிந்து வாழ்வது என்பதற்கு வேறு வேறு வீடு கட்டாயமில்லை, ஒரே கூரையின்கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் போதும். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து உறுதி செய்ய வேண்டும். பிரிந்து ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு ஆகி, சமரச முயற்சி தோற்று, பணம், பிள்ளைகள் எல்லாம் பேசி முடிக்கப்பட்டிருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; முதல் கட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து அதற்கு மனுப் போடலாம். தீர்ப்பு வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியும் என்பதால்தான், பணம், நகை, பிள்ளைகள் பற்றி இருவரும் எழுதிக்கொள்ளும், கீழே சொல்லும் ஒப்பந்தம் கவனமாக எழுதப்பட வேண்டும்.

வழக்கில் வாதம் செய்து வாங்குவதைவிட, இந்த ஒப்பந்தத்தின் வரிகளில் வாங்குவது அதிகம் என்பது என் அனுபவம். ஓர் எடுத்துக்காட்டு. நான் பிறகு பார்க்க நேர்ந்த ஓர் ஒப்பந்தத்தில் “நகைகள் அனைத்தும் மனைவியிடம் ஒப்படைக்கப்படும்” என்று ஒரே ஒரு வரி இருந்தது. கல் வைத்த ஆரம் ஒன்று பெண்ணுக்குப் போட்டதா, மாமியாருடையதை முகூர்த்தத்துக்கு மட்டும் இரவல் கொடுத்ததா என்பதிலேயே இரண்டாம் கட்ட விசாரணை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: “இணைப்புப் பட்டியல் வரிசை எண் 3-இல் கண்ட, படம் 3-இல் காட்டப்பட்டுள்ள, சிவப்புக் கல் வைத்த ஆரம் ஒன்று, எடை 40 கிராம், இரண்டாம் கட்ட விசாரணைக்கு முன் இன்ன தேதியில் இன்ன வங்கிக் கிளையின் லாக்கரைத் திறந்து மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டு, ரசீது பெறப்படும்.” ஐந்து பவுனுக்கு இவ்வளவு வார்த்தைகளா என்று கேட்பவர்கள், அவ்வளவு வாய்தாக்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். சீதனம், அதாவது பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்ட நகையும் பொருளும், மனைவியின் முழு உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 1985-லேயே உறுதி செய்துவிட்டது. சண்டை வருவது எது சீதனம் என்பதில்தான்.

பிள்ளையைப் பார்ப்பது பற்றிய வரியும் அப்படியே. “ஞாயிறுகளில் தந்தை பார்க்கலாம்” என்று எழுதினால், முதல் மாதத்திலேயே சண்டை வரும். முதல், மூன்றாம் ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை. அழைத்துப்போவதும் கொண்டுவந்து விடுவதும் தாய் வீட்டு வாசலில். காய்ச்சல் என்றால் அடுத்த ஞாயிறு. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் பாதிப் பாதி. ஓராண்டு தீபாவளி அம்மாவிடம் என்றால் அந்த ஆண்டுப் பொங்கல் அப்பாவிடம். வாரத்தில் இரண்டு நாள் இரவு 7.30-க்கு வீடியோ அழைப்பு. கடவுச்சீட்டுக்கு யார் கையெழுத்திடுவது, பள்ளி மாற்றினால் யாரிடம் சொல்வது, கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது என்பவற்றையும் சேருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கும் என்பது சட்டம். அதற்கு மேல், பெற்றோரின் உரிமையைவிடக் குழந்தையின் நலனே அளவுகோல். பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையைப் பிள்ளையின் சார்பில் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணத்தை ஒரேயடியாகத் தருவதென்றால், முதல் கட்டத்தில் ஒரு பகுதி, இரண்டாம் கட்டத்தில் நீதிபதி முன்னிலையில் டிடியாக மீதி என்று பிரிப்பதே இருவருக்கும் பாதுகாப்பு. கூட்டுப் பெயரில் வீடு இருந்தால், அதை ஒருவர் பெயருக்கு மாற்றும் விடுதலைப் பத்திரத்தையோ (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) செட்டில்மெண்ட் பத்திரத்தையோ தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு, தீர்ப்புக்குப் பின் நீங்கள் கணவன் மனைவி அல்ல. வீட்டுக் கடனை “இனி அவர் கட்டுவார்” என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. கூட்டுக் கடனாளியின் பெயரை நீக்கித் தர வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

கொடுமைப் புகார் வழக்கு நிலுவையில் இருந்தால், அது சமாதானமாகப் போய்த் தானாக முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ, அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு, இரு தரப்பும் ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமல்ல. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட்டு, புகார் கொடுத்தவர் ஆட்சேபமில்லை என்று வாக்குமூலம் தர வேண்டும். அந்த மனு எப்போது, யார் செலவில், எந்தத் தவணைப் பணத்துக்கு முன் அல்லது பின் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். புகாருக்கு உள்ளானவர்களுக்கு ஒரு செய்தி: ஏழாண்டு வரை தண்டனை தரக்கூடிய இத்தகைய வழக்குகளில் இயந்திரகதியில் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்ளாமல் போய் நில்லுங்கள்.

ஒப்புக்கொள்ளாவிட்டால்

ஒருவர் சம்மதிக்கவில்லையென்றால் 13-ஆம் பிரிவின் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்: கொடுமை, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப்போதல், பிறரோடு உறவு, மதமாற்றம், கடும் மனநோய் போன்றவை. “இனி ஒத்துவராது, திருமணம் செத்துவிட்டது” என்பது மட்டும் குடும்ப நல நீதிமன்றத்தில் காரணமாகாது. மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் அரசமைப்பின் 142-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் உண்டு என்பது 2023 மே மாதத் தீர்ப்பு.

மனுவில் “எப்போதும் கொடுமைப்படுத்தினார்” என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, தேதி, இடம், நடந்தது, பார்த்தவர் என்று நான்கு சம்பவங்களைச் சொல்வது குறுக்கு விசாரணையில் நிற்கும். பொய்யான ஒழுக்கக் குற்றச்சாட்டை வேகத்தில் சேர்த்துவிடாதீர்கள். நிரூபிக்காமல் விட்டால் அதையே கொடுமையென்று எதிர்த்தரப்பு திருப்பிவிடும். சம்மன் வந்தவர் வாங்க மறுத்தாலும் வழக்கு நகரும். வராதவர்மீது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு, வந்தால், அதை நீக்கக் கேட்க முப்பது நாள்தான் காலம், தாமதத்துக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். இதற்குப் பிறகு எதிருரை, சாட்சி வாக்குமூலம், குறுக்கு விசாரணை, வாதம் என்று போகும். உங்கள் மனுவின் ஓ.பி. எண்ணையும், வழக்கை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணையும் உங்கள் போனிலேயே வைத்துக்கொண்டால், அடுத்த வாய்தா தேதிக்காகக் குமாஸ்தாவுக்குப் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

வழக்கு நடக்கும் காலத்துக்கு 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். வருமானமில்லாத கணவரும் கேட்க முடியும். மனைவியும் பிள்ளைகளும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் தனியாகவும் கேட்கலாம். பல இடங்களில் கேட்டிருந்தால் ஒன்றை மற்றொன்றில் மறைக்காமல் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பின், இருவரும் சொத்து, கடன், வருமானம் பற்றிய விரிவான பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்வது கட்டாயம். மனுச் செய்த தேதியிலிருந்தே தொகை கணக்காகும். இந்த வாக்குமூலத்தைப் பலர் அலட்சியமாக நிரப்புகிறார்கள். கையில் வாங்கும் சம்பளத்தைக் குறைத்துக்காட்ட வருங்கால வைப்பு நிதிப் பிடித்தத்தையும் சொந்தமாக எடுத்த கடனையும் கழிப்பது பழைய தந்திரம்; வங்கி அறிக்கையைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மனைவியின் பக்கத்தில், பகுதிநேர வருமானத்தை மறைப்பதும் அதே அளவுக்குக் கெடுதல் செய்யும்.

வழக்கறிஞரும் செலவும்

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைப்பது உரிமையாக இல்லாமல் அனுமதியாகவே சட்டத்தில் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடும். வக்காலத்தில் கையெழுத்திடும் முன், கட்டணம் முழு வழக்குக்கா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று எழுத்தில் கேளுங்கள். “மூன்றே மாதத்தில் வாங்கித் தருகிறேன்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 எண்ணில் பேசலாம். ஜீவனாம்சம், சொத்துப் போன்றவற்றில் உடன்பாடு எட்டினால் மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது நல்லது. அங்கே பிறக்கும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது.

தீர்ப்பு வந்த பின்

தீர்ப்பு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள், நான்கு பிரதியாவது கேளுங்கள். எதிர்த்து நடந்த வழக்கு என்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணம் செய்யக் கூடாது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் முப்பது நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் தொண்ணூறு நாள் என்கிறது, ஆகவே தொண்ணூறு நாள் பொறுப்பதுதான் பாதுகாப்பு. கடவுச்சீட்டு, ஆதார், குடும்ப அட்டை, சமையல் எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் பெயரையும் முகவரியையும் மாற்ற அந்த நகல் தேவைப்படும். எல்லோரும் மறப்பது நாமினி. காப்பீடு, வைப்பு நிதி, வங்கி வைப்பு எதிலும் விவாகரத்தோடு நாமினி பெயர் தானாக அழிந்துவிடாது; ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை அந்தக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். உயில் எழுதியிருந்தால் அதையும் அதே வாரத்தில் எடுத்துப் பாருங்கள்.